இரண்டே பேர், 21 அடி இரட்டை உடல் படகு: பிளைவுட், எப்பாக்சி, கயிறு

கழிமுகம்
கணவன் மனைவி இரண்டே பேர் சேர்ந்து கட்டப்போகிறோம். கூலிக்கு ஆள் கிடையாது. ஜேம்ஸ் வார்ரம் வடிவமைத்த டிக்கி 21, நீளம் 6.4 மீட்டர். வரைபடம் கையில் இருக்கிறது. இடம் கிழக்குக் கடற்கரை, 9 மீட்டருக்கு 4 மீட்டர் தகரக் கொட்டகை. மரவேலை ஓரளவு தெரியும், எப்பாக்சி (கடினமாக்கி கலந்தால் இறுகும் பிசின்) புதுசு. இந்தக் கொட்டகை போதுமா? பிளைவுட் எதை வாங்குவது? எந்த மாதம் ஆரம்பிப்பது? பொதுவாகச் சொல்லாமல் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓடாவி
கொட்டகை போதும். ஒரு நேரத்தில் ஒரு உடல்தான் கட்டப்போகிறீர்கள். முடிந்ததை வெளியே தார்ப்பாய்க்குக் கீழே தள்ளிவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கலாம். இரண்டையும் குறுக்குச் சட்டங்களால் சேர்ப்பது கரையில், கடைசியில். இரண்டு பேரால் முடிகிற வேலையாக இது இருப்பதற்கே அதுதான் காரணம். அகலம் முழுவதையும் ஒரே அச்சில் வார்க்கிற பைபர் கேட்டமரனை வீட்டுக் கொட்டகையில் நினைத்தே பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே மாதிரி உள்ள துண்டுகளை இரண்டு உடலுக்கும் சேர்த்தே வெட்டிவிடுங்கள். பக்கப் பலகை நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு, இழைப்புளியால் ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். முதல் உடலை முடித்துவிட்டு இரண்டாவதைத் தனியாக அளந்து வெட்டினால் 5 மி.மீ. இங்கே, 8 மி.மீ. அங்கே என்று மாறும். அப்புறம் குறுக்குச் சட்டம் உட்காராது.

பிளைவுட்: 6 மி.மீ. தாள், ஐ.எஸ். 710 (கடல் பிளைவுட் தரம்) முத்திரை உள்ளது. கடைக்காரர் "பி.டபிள்யூ.ஆர். போதும் சார், அதுவும் வாட்டர்ப்ரூப்தான்" என்பார். அது ஐ.எஸ். 303. கொதிநீர்ச் சோதனையில் அதற்கு 8 மணி நேரம், 710-க்கு 72 மணி நேரம்.

எடைக்கணக்கு
ஓடாவி அண்ணே, 710 பலம் சரி, எடையையும் சொல்லுங்கள். 8×4 அடித் தாளின் பரப்பு 2.98 சதுர மீட்டர். 6 மி.மீ. என்றால் 0.0179 கன மீட்டர். நம்மூர் 710 பெரும்பாலும் கர்ஜன் மரம், கன மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். ஒரு தாள் 13 கிலோவை நெருங்கும். வெளிநாட்டு ஒகூமே மரத் தாள் (பி.எஸ். 1088 தரம்) 450 கிலோ அளவில், ஒரு தாள் 8 கிலோ. 20 தாளுக்கு வித்தியாசம் 100 கிலோ.

இரட்டை உடல் படகில் உடல் ஒல்லி. நீர்மட்டத்தில் இரண்டும் சேர்ந்து 4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 41 கிலோ ஏறும்போதெல்லாம் 1 செ.மீ. அமிழும். அந்த 100 கிலோ இரண்டரை செ.மீ. சாமான் எதுவும் ஏற்றும் முன்பே அது போய்விட்டது. குறுக்குச் சட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்தால் அலை அடியில் வந்து அறையும்.

ஓடாவி
கணக்கு சரி, ஆனால் ஒகூமே அழுகலுக்கு நின்று பிடிக்காத மரம். எங்கேயாவது ஒரு திருகாணி ஓட்டை வழியே மழைத்தண்ணீர் இறங்கினால் இரண்டு பருவத்தில் பஞ்சு. விலையையும் பாருங்கள். நடுவழி: ஏராவை (அடிமுதுகை) ஒட்டிய கீழ்ப்பகுதியும் குறுக்குத் தடுப்புகளும் 710, மேல்தளமும் கேபின் கூரையும் ஒகூமே. மேலே எடை குறைந்தால் படகுக்கு நல்லது.

எதை வாங்கினாலும் முத்திரையை நம்பி மொத்தமாக ஏற்ற வேண்டாம். ஒரு தாள் வாங்கி, 10 செ.மீ. சதுரத் துண்டுகள் நாலைந்து வெட்டி, 4 மணி நேரம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி 4 மணி நேரம். உளியை வைத்துப் பிளந்தால் மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக்கூடாது. வெட்டிய விளிம்பில் உள்ளடுக்கு விட்டுவிட்டு இருக்கிறதா பாருங்கள். தாள் முழுக்க நாணயத்தால் தட்டிப் போங்கள். பொக்கை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். 6 மி.மீ. தாளில் மூன்று அடுக்கு வேண்டாம், ஐந்து அடுக்கு கேளுங்கள். மூன்றடுக்கில் முகத்தாள் சிலதில் உப்புத்தாள் இரண்டு முறை போனாலே காணாமல் போகும்.

கழிமுகம்
நன்றி அண்ணே. தாள் 8 அடி, பக்கப் பலகை 21 அடி. வரைபடத்தில் உள்ள இணைப்புக்குப் பதிலாக சாய்வெட்டு (இரண்டு ஓரத்தையும் சரிவாக இழைத்து ஒட்டுவது) போடலாமா?

ஓடாவி
வரைபடத்தில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். வடிவமைப்பாளர் இணைப்பு எங்கே வருகிறது, வளைவு எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் போட்டிருப்பார். சாய்வெட்டுதான் என்றால் 8-க்கு 1. 6 மி.மீ. தாளுக்கு 48 மி.மீ., 9 மி.மீ. தாளுக்கு 72. நான்கு தாளைப் படிக்கட்டு மாதிரி 48, 48 ஆகப் பின்னுக்கு இழுத்து அடுக்கி, அடியில் ஒரு வீணான பலகை வைத்து, ஒரே சரிவாக இழைத்துக்கொண்டு வாருங்கள். பசைக்கோடுகள் நூல் பிடித்தமாதிரி நேராகத் தெரிந்தால் சரிவு சரி. அலைந்தால் அந்த இடம் பள்ளம்.

ஒட்டும்போது முதலில் வெறும் எப்பாக்சியைத் தடவி 10 நிமிடம் குடிக்கவிடுங்கள். பிறகு சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கியதைத் தடவி மூடுங்கள். கிளாம்பை இறுக்கித் தள்ளாதீர்கள். பசை முழுவதும் வெளியே வழிந்துவிட்டால் உள்ளே மரம் மட்டும்தான் இருக்கும். இரு பக்கமும் பாலித்தீன். தாள் வழுக்காமல் இருக்க ஓரத்தில் இரண்டு சின்ன ஆணி.

கலவைக்கோப்பை
எப்பாக்சி பற்றி நான் சொல்கிறேன். நம்மூர் வெக்கையில் இந்தப் படகு கெட்டுப்போவது மரவேலையில் அல்ல, கோப்பையில்தான்.

கலவை விகிதம் கொள்ளளவிலா, எடையிலா என்பதை டப்பாவில் படித்த பிறகு ஒரு பலகையில் பெரிசாக எழுதிச் சுவரில் மாட்டுங்கள். வெஸ்ட் சிஸ்டம் 105 பிசினுக்கு 205, 206 கடினமாக்கிகள் 5:1. அதில் எடையும் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே பிசினுக்கு வெப்ப நாட்டுக்கான 209 கொள்ளளவில் 3:1, எடையில் ஏறக்குறைய 3.5:1. இங்கே கிடைக்கும் எல்.ஒய். 556 – எச்.ஒய். 951 ஜோடி எடையில் 100-க்கு 10. இதைக் கண்ணளவில் கோப்பையில் ஊற்றினால் தொலைந்தது. "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்" என்பது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்சியில் கூடப்போன கடினமாக்கி எதனோடும் சேராமல் உள்ளேயே தங்கும். ரப்பர் மாதிரி நிற்கும், இறுகவே இறுகாது. ஒரே வழி சுரண்டி எடுப்பது. 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் கையில் கிடைக்கும் நேரம் பாதியாகும். 25 டிகிரியில் 30 நிமிடம் தரும் கலவை 35-ல் 15 நிமிடம்தான். கோப்பையில் மொத்தையாக நின்றால் அதுவும் கிடையாது, தானே சூடாகிப் புகையும். 200 கிராமுக்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்க வேண்டாம். இரண்டு நிமிடம் ஓரம், அடி எல்லாம் வழித்துக் கலக்கி, உடனே தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். பரந்து கிடந்தால் சூடு வெளியேறும்.

இரண்டு பேரில் ஒருவர் கலப்பவர், ஒருவர் தடவுபவர். வேலை முடியும் வரை மாற்றாதீர்கள். கலப்பவர் துணியையோ மரத்தையோ தொடுவதில்லை, எத்தனை கோப்பை என்று சுவரில் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். பிசுபிசு கையோடு பிசின் டப்பா மூடி, தராசு, கைபேசி என்று எல்லாவற்றையும் தொட்டால் அன்றைய வேலை அங்கேயே குழம்பும்.

எந்த நேரம்: மாலை 4 மணிக்கு மேல். காலையில் மரத்தில் தடவினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். வெப்பம் இறங்கும் நேரத்தில் மரம் பிசினை உள்ளே இழுக்கும். ராத்திரிப் பனி விழும் முன் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்திருக்க வேண்டும். எந்த மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் வடகிழக்கு மழையில் வெட்டுவது, இழைப்பது, சட்டம் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைபர்_வள்ளம்
இவ்வளவு சிரமம் எதற்கு? ஊரில் உள்ள பைபர் படகெல்லாம் பாலியெஸ்டர் பிசினும் மேட்டும் (நெய்யாத கண்ணாடி நார் விரிப்பு) தானே. எப்பாக்சி விலையில் கால்வாசிகூட வராது. பிளைவுட்டுக்கு மேலே ஒரு மேட் போட்டு பாலியெஸ்டர் அடித்தால் முடிந்தது.

கலவைக்கோப்பை
பைபர் வள்ளத்தில் பாலியெஸ்டர்தான் படகு. அது அச்சில் தன்மேல் தானே ஒட்டி நிற்கிறது. இங்கே மரம்தான் படகு. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், மரத்தில் பிடிப்பு குறைவு. ஈரத்தில் மரம் உப்பிச் சுருங்க, ஒரு மூலையில் பிரியும். பிரிந்த இடத்தில் தண்ணீர் தங்கி உள்ளே அழுகும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

மேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண மேட்டில் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லை. எவ்வளவு உருட்டினாலும் மேட் விறைப்பாக, வெள்ளை வெள்ளையாக நிற்கும், மூலையில் மடியாது. எப்பாக்சிக்கு நெய்த கண்ணாடி நார்த் துணிதான், சதுர மீட்டருக்கு 200 கிராம். கடையில் துணி கேட்டால் மேட்டைத் தருவார்கள். விரலால் பிரித்துப் பாருங்கள், ஊடும் பாவும் தெரிய வேண்டும்.

நூல்பிடி
தையல் வேலைக்கு வருகிறேன். பக்கப் பலகை இரண்டையும் ஏரா ஓரத்தில் கம்பியால் தைத்து, புத்தகம் மாதிரி விரித்து, உள்ளே குறுக்குத் தடுப்புகளை நிறுத்துவதுதான் இந்த முறை. விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே 2 மி.மீ. ஓட்டை, 10 செ.மீ.க்கு ஒன்று, அணியத்தில் (முன்முனையில்) வளைவு அதிகமாகும் இடத்தில் 5 செ.மீ.க்கு ஒன்று. 1.2 மி.மீ. செம்புக்கம்பி. கட்டிடக் கட்டுக்கம்பி போடலாம், ஆனால் ஒன்று விடாமல் உருவிவிட வேண்டும். உள்ளே மறந்த ஒரு துண்டு போதும், துருக்கறை பெயின்ட் வழியே வழிந்துகொண்டே இருக்கும்.

கம்பியை முதலிலேயே முறுக்கி இறுக்கக்கூடாது. எல்லாத் தையலும் தளர்வாக, தடுப்புகள் உள்ளே, பிறகு நடுவிலிருந்து இரு முனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

இப்போது நிறுத்துங்கள். பில்லெட் (உள்மூலையை நிரப்பும் கெட்டி எப்பாக்சி) வைக்கும் முன் உடல் முறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் படகிலேயே முக்கியமான ஒரு மணி நேரம். இரண்டு முனையிலும் தூக்குக்குண்டு. நடுவில் அணியத்திலிருந்து பின்முனைக்கு நூல். ஒவ்வொரு தடுப்பின் மேல்விளிம்பிலும் ரசமட்டம். தடுப்புக்குத் தடுப்பு உயரம் பார்க்க டியூப் லெவல் போதும், லேசர் தேவையில்லை. அணியத்திலும் பின்முனையிலும் மேலே ஒரு நேர்ச்சட்டம் வைத்துக் கண்ணை இறக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று மறைய வேண்டும். முறுக்கு இருந்தால் கீழே ஆப்பு செருகித் திருத்தலாம். பில்லெட் இறுகிய பிறகு திருத்தவே முடியாது. முறுக்கிய உடல் தண்ணீரில் ஒரு பக்கமாகவே இழுக்கும், சுக்கானைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

கழிமுகம்
பில்லெட் கலவை எந்தப் பதம்? என்னென்ன அளவு?

நூல்பிடி
அதிரச மாவுப் பதம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, தடவினால் கிழியக்கூடாது. சிலிக்கா மட்டும் போட்டால் வழியாது, ஆனால் இறுகிய பிறகு உப்புத்தாளுக்கு மசியாது. பாதி சிலிக்கா, பாதி மாவு போலச் சலித்த மரத்தூள் நன்றாக வரும். தேக்குத் தூள் வேண்டாம், எண்ணெய்ப் பிடிப்பு. இழைப்புக் கடைத் தூளைச் சலிக்காமல் போட்டால் சிராய் கலந்து கோடு கிழிக்கும். மைக்ரோபலூன் (பொள்ளலான நுண்மணிப் பொடி) பூசி வழவழப்பாக்க மட்டும், கட்டுமானத்துக்கு அல்ல.

6 மி.மீ. பலகைக்கு வளைவின் ஆரம் 20 முதல் 25 மி.மீ. அந்த அளவுக்கு ஓரம் வெட்டிய பிளாஸ்டிக் அட்டையால் ஒரே இழுப்பு. முதலில் தையலுக்கு இடையே மட்டும் வைத்து இறுகவிட்டு, கம்பியை உருவி, பிறகு முழு நீளத்துக்கும். அது பச்சையாக இருக்கும்போதே 75 மி.மீ. கண்ணாடி நார் நாடா, அதற்கு மேல் 100 மி.மீ. நாடா. இறுகிய பிறகு நாடா ஒட்டலாம் என்று தள்ளிப்போட்டால் அவ்வளவு நீளத்தையும் குனிந்து உப்புத்தாள் போட வேண்டும், V மூலைக்குள் கையே போகாது.

கலவைக்கோப்பை
ஒன்று விட்டுப்போயிற்று. கடல் பக்கம் ஈரக் காற்றில் இறுகிய எப்பாக்சி மேல் காலையில் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படிந்திருக்கும். அதன் மேல் அடுத்த பூச்சு ஒட்டாது, பெயின்ட் காயாது. முதலில் வெறும் தண்ணீர், பச்சை நார்ப்பட்டை, தேய்த்துக் கழுவித் துணியால் துடையுங்கள். பிறகுதான் உப்புத்தாள். முதலில் உப்புத்தாள் போட்டால் அதை உள்ளே தேய்த்துவிடுவீர்கள், தாளும் சட்டென்று அடைத்துக்கொள்ளும். தின்னர் வேண்டாம், அது தண்ணீரில் கரையும் பொருள்.

கையில் பட்டாலும் தின்னர் போடாதீர்கள், அது தோலுக்குள் இன்னும் ஏற்றும். வினிகரால் துடைத்து சோப்பு. நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு கோப்பைக்கும் புதுசு. பாதி இறுகிய எப்பாக்சியைத் தேய்க்கும் தூசி இன்னும் மோசம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அது போகாது, அந்த ஆள் பிறகு கொட்டகைக்குள் வர முடியாது. இரண்டு பேர் கட்டும் படகில் ஒருவர் வெளியே நின்றால் வேலை நின்றது.

வாடைக்காற்று
ஒரு சந்தேகம். "கேட்டமரன்" நம் கட்டுமரம்தானே? அப்படியானால் நம் கட்டுமரம் கட்டுபவர்களிடம் கேட்டால் தெரியாதா?

ஓடாவி
பெயர் நம்முடையது, படகு நம்முடையது அல்ல. சோழமண்டலக் கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையைத்தான் வில்லியம் டாம்பியர் 17-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரால் எழுதினார். இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களுடையது. வார்ரம் 1954-ல் கட்டிய தங்கரோவா, அடுத்து டிரினிடாடில் கட்டிய ரோங்கோ எல்லாம் அந்தப் பாலினேசியப் படகைப் பார்த்து வந்தவை.

ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. டிக்கியில் குறுக்குச் சட்டத்தை உடலோடு போல்ட் போட்டு முடுக்குவதில்லை, கயிறு கட்டுகிறார்கள். போல்ட் என்றால் அலையில் இரண்டு உடலும் வேறு வேறாக அசையும்போது முழு விசையும் நாலு ஓட்டையில் விழும், அங்கே மரம் பிளக்கும். கயிற்றில் விசை பரவும், ஒரு நூல் அசைய இடம் கிடைக்கும். கட்டு என்ன செய்யும் என்று கட்டுமரக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கயிறு மட்டும் வேறு. தென்னங்கயிறு நனைந்து காய்ந்து மாறும். கட்டுமரத்தில் கரை வந்ததும் அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவதால் அது பொருந்தும், இங்கே மாதக்கணக்கில் கட்டியபடியே இருக்கும். முன்னிழுத்த பாலியெஸ்டர், வரைபடத்தில் சொன்ன தடிமன், சொன்ன சுற்று. நைலான் ஈரத்தில் நீளும். நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடியும். சுற்று போட்டபின் நடுவில் குறுக்காகச் சுற்றி இறுக்குவதுதான் முக்கியம். கைப்பலம் போதாது, உருட்டுக்கட்டையில் இரண்டு சுற்று சுற்றி நெம்ப வேண்டும், ஒருவர் நெம்ப ஒருவர் பிடிக்க. கயிறு படும் விளிம்பெல்லாம் உருட்டியிருக்க வேண்டும். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

சுக்கானும் அப்படித்தான், கீல் கிடையாது, எட்டு வடிவில் கயிறு கோத்துத் தொங்குகிறது. ரொம்ப இறுக்கினால் திரும்பாது, தளர்ந்தால் அடித்துக்கொண்டே இருக்கும்.

சவுக்குத்தோப்பு
பாய்மரத்துக்கு அலுமினியக் குழாய் விலை அதிகம். நல்ல நேரான சவுக்கு ஒன்று போதாதா?

எடைக்கணக்கு
சவுக்கு பலம்தான், ஆனால் கனம், காய்ந்தால் நீளவாக்கில் வெடிக்கும், வளையும். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் கீழே ஏறும் பல கிலோவுக்குச் சமம். டிக்கியில் பாயின் முன்விளிம்பு ஒரு உறை மாதிரி பாய்மரத்தைச் சுற்றி ஏறி இறங்குகிறது. கணு, வெடிப்பு எது இருந்தாலும் துணி மாட்டும், காற்று ஏறும் நேரத்தில் பாய் இறங்காது. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் உள்ளே பொள்ளலாக ஒட்டிய மரப் பாய்மரம் யோசிக்கலாம். சவுக்கைக் கொட்டகைக்குக் கால் நடப் பயன்படுத்துங்கள்.

கழிமுகம்
வெளிப்பக்கத் துணிக்கு எவ்வளவு பிசின் ஆகும்? கவிழ்க்க இரண்டு பேர் போதுமா?

கலவைக்கோப்பை
துணி தன் எடை அளவு குடிக்கும். அதற்கு மேல் நெசவு மறைய இரண்டு மூன்று பூச்சு. சதுர மீட்டருக்கு 650 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உடலுக்கும் வெளிப்பக்கம் 24 சதுர மீட்டர் என்றால் 16 கிலோ, வீணாவதைச் சேர்த்து 18. துணியை முதலில் உலர விரித்து, கையால் நீவி, நடுவிலிருந்து ஊற்றி ரப்பர் தகட்டால் இழுங்கள். துணி மிதக்கக்கூடாது. சரியாக நனைந்த இடம் கண்ணாடி மாதிரி, ஆனால் நெசவு தெரியும். பளபளவென்று தேங்கி நின்றால் பிசின் அதிகம், எடைதான் மிச்சம். ஏராவில் துணியை இரண்டு பக்கத்திலிருந்தும் 5 செ.மீ. மேலேற்றி, மேலும் இரண்டு நாடா. மணலில் ஏறி இறங்கும் இடம் அது. அங்கே துணி தேய்ந்து மரம் தெரிந்தால் கப்பல் புழுவுக்கு ஒரு கீறல் போதும்.

நூல்பிடி
கவிழ்க்க இரண்டு பேர் போதும், தூக்க வேண்டாம், உருட்டுங்கள். தடுப்புள்ள இடங்களில் இரண்டு அகலப் பட்டையைச் சுற்றி மேலே உத்திரத்தில் தொங்கவிட்டால் உடல் பட்டைக்குள்ளேயே புரளும். உத்திரம் தாங்காது என்றால் பழைய டயர்களைப் பரப்பி அதன்மேல். உள்ளே தடுப்பு, நாடா எல்லாம் முடிந்தபின்தான், அதற்கு முன் உருட்டினால் முறுக்கும். மேல்தளம் ஒட்டும் முன் உருட்டுங்கள், எடை பாதி.

கழிமுகம்
கடைசியாக, தளத்துக்கு அடர் நீலம் அடிக்க ஆசை.

கலவைக்கோப்பை
வெள்ளை, அல்லது வெளிர் மஞ்சள். சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் அடர் நிறத் தளம் அதைத் தாண்டும். துணியின் நெசவு பெயின்ட் வழியே அச்சாகத் தெரியும், பில்லெட் தளரும். நீலம் வேண்டும் என்றால் பாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடாவி
பெயின்டுக்கு முன் ஒன்று. தளத்தில் எந்த போல்ட் போட்டாலும் நேராக ஓட்டை போடாதீர்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. ஓட்டை, கீழே டேப் ஒட்டி, கெட்டி எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் 8 மி.மீ. அப்போது தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் பிளைவுட்டுக்கு எமன். உள்ளறை ஒவ்வொன்றுக்கும் காற்றுப்போக்கு மூடி இருக்கட்டும், கரையில் கிடக்கும்போது எல்லாம் திறந்திருக்கட்டும். பாய்மர அடி, கயிற்று முளை, மூடிக் கொக்கி எல்லாம் சேர்த்து எத்தனை ஓட்டை என்று வரைபடத்தில் எண்ணி வையுங்கள். ஒரே மாலையில் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம்.